காலிக்குடமும் தளும்பாது

முதல்லயே சொல்லிடறேன், பதிவு கொஞ்சம் நீளம். கையில ஒரு டீயோட உக்காருங்க. திட்டணும்னு தோணிச்சுன்னா பின்னூட்டப் பெட்டி திறந்தேதான் இருக்கு. ஆட்டோ மட்டும் அனுப்பிடாதீங்க.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சு. மாப்பிள்ளை பேருக்குக் கீழ பி.இ., அதுக்குக் கீழ எம்.எஸ்., அதுக்குக் கீழ கம்பெனி பேரு, அதுக்கும் கீழ டெக்ஸாஸ். பேரை விட டிகிரி எழுத்து பெருசு. பத்திரிகை வைக்க வந்தவர் மாப்பிள்ளையோட அப்பா. "பையன் என்னண்ணே பண்றான்?"னு எங்கம்மா கேட்டாங்க. "ஏதோ இருக்கான்மா, எல்லாம் பெரியவங்க ஆசீர்வாதம்"னாரு. கையில டெக்ஸாஸ், வாயில "ஏதோ".

எங்கம்மா மட்டும் சும்மாவா? "உங்க பையன்?"னு அவர் திருப்பிக் கேட்டதும், "அவனும் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பாக்குறான்"னு ஆரம்பிச்சு, மூணாவது நிமிஷத்துல, "போன வருஷம் அமெரிக்கா போகச் சொன்னாங்க, இவன்தான் வேணாம்னுட்டான்"னு போட்டாங்க ஒரு போடு. மக்களே, அப்படி யாரும் என்னைப் போகச் சொல்லவே இல்ல. அவ்வ்வ்வ்.

சிரிச்சு முடிச்சப்புறம் ஒண்ணு உறைச்சுச்சு. அந்தப் பெரியவர் தன்னடக்கமா இருந்தாரே, அது எப்படி முடிஞ்சுச்சு? பத்திரிகை அவருக்காகப் பேசிட்டு இருந்துச்சு. அச்சடிச்ச அட்டை தம்பட்டம் அடிக்கிற வேலையைப் பாத்துக்கிட்டதால, வாய் நிம்மதியா அடக்கம் காட்ட முடிஞ்சுது. பத்திரிகையே இல்லாம வெறுங்கையோட வந்து "ஏதோ இருக்கான்"னு சொல்லியிருந்தா, எங்கம்மா, "ஐயோ பாவம், வேலை கிடைக்கலை போல"ன்னுதான் நினைச்சிருப்பாங்க.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். தன்னடக்கம்ங்கிறது நம்மகிட்ட மட்டும் இருக்கிற குணம் இல்ல. நமக்காகப் பேச வேற யாரோ, வேற எதுவோ இருக்கிறவங்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். அது இல்லாதவன்கிட்டப் போய் "நிறைகுடம் தளும்பாது தம்பி"ன்னு சொல்றது அறிவுரை இல்ல, அநியாயம். இதை இவ்வளவு சூடா சொல்றதுக்குக் காரணம், அந்த அநியாயத்தை நானே ஒருத்தனுக்குப் பண்ணியிருக்கேன்.

என் டீம்ல ஒரு பையன். பேரு வேணாம், தம்பின்னு வச்சுக்குவோம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம், அப்பா விசைத்தறி ஓட்டுறவர், வீட்டுல முதல் பட்டதாரி. நானும் தெக்கத்திக்காரன்கிறதால வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்லேர்ந்தே "அண்ணே"தான். அதே டீம்ல இன்னொருத்தர். கிட்டத்தட்ட என் வயசு, என் அனுபவம். இவரைப் பவர்பாயிண்ட்னு வச்சுக்குவோம். கெட்டவர்னு சொல்ல மாட்டேன். வேலையும் தெரியும். ஆனா அவர் ஒரு பங்கு செஞ்சா ஊருக்கு மூணு பங்கா கேட்கும்.

எங்க கிட்ட மாசக் கடைசியில ஓடுற ஒரு பேட்ச் ஜாப் இருந்துச்சு. ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சா விடிகாலை 5 மணி ஆகும். நடுவுல செத்துப்போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து. ரெண்டு வருஷமா எல்லாரும் "டேட்டா ஜாஸ்தி, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு விட்டுட்டோம். தம்பி விடல. தன்னோட வேலைய முடிச்சுட்டு, 11 ராத்திரி உக்காந்து லாகை நோண்டினான். கடைசியில பிடிச்சான். டேபிள்ல கணக்கு எண் எழுத்து வகையா இருக்கு, புரோகிராம்லேர்ந்து போறது எண் வகை. டேட்டாபேஸ் ஒவ்வொரு தடவையும் அந்த காலம் முழுசையும் எண்ணா மாத்திப் பாக்குது, அதனால இண்டெக்ஸ் இருந்தும் அதைத் தொடாம முழு டேபிளையும் தடவிட்டு வருது. திருத்தினது ஒரே ஒரு வரி. 7 மணி நேரம் 40 நிமிஷம் ஆச்சு.

க்ளையன்ட்டோட பேசுற கால்ல, "யாருப்பா இதைப் பண்ணினது?"ன்னு கேட்டாங்க. தம்பி மைக்கை ஆன் பண்ணி, "டீம் எஃபர்ட் சார்"னுட்டு ஆஃப் பண்ணிட்டான். அடுத்த வாரம் பவர்பாயிண்ட் ஒரு ஸ்லைடு போட்டார். பச்சைக் கலர்ல பெரிய அம்புக்குறி. "செயல்திறன் மேம்பாட்டு முயற்சி, 90 சதவீதம் நேர மிச்சம்." கீழ டீம் பேரு இருந்துச்சு, தம்பி பேரு இல்ல. பொய்னு சொல்ல முடியாது பாருங்க. டீம்தானே பண்ணுச்சு, தம்பியே வாயால சொல்லிட்டானே!

அப்ரைசல் வந்துச்சு. சுயமதிப்பீட்டுப் படிவத்துல "இந்த ஆண்டின் சாதனைகள்"ங்கிற இடத்துல தம்பி எழுதினது ஒரே வரி: கொடுத்த வேலைகளைக் குறித்த நேரத்தில் முடித்தேன். அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்டக் காட்டினான். "அந்த பேட்ச் ஜாபை எழுதணுமாண்ணே?"ன்னு கேட்டான். அப்ப நான் சொன்னதை எழுத இப்பக்கூடக் கை கூசுது. "வேணாம்டா, வேலையே பேசும். நிறைகுடம் தளும்பாது." சொல்லும்போது எனக்கே என்னமோ பெரிய ஞானி மாதிரி இருந்துச்சு.

ரேட்டிங் மீட்டிங்ல மேனேஜர் கேட்டார், "இந்தப் பையன் குறிப்பா என்ன பண்ணினான்?" அந்த அறையில அந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். சொன்னா, பச்சை அம்புக்குறியைப் பத்தியும் பேச வேண்டி வரும். பவர்பாயிண்ட் எதிர்ல உக்காந்திருக்கார். என் ரேட்டிங்கும் அதே மேஜையிலதான் முடிவாகணும். நான் சொன்னது: "நல்ல பையன் சார், ஹார்டுவொர்க்கர்."

"நல்ல பையன்"ங்கிறது ஆஃபீஸ்ல ஒருத்தனைக் கொல்ற வார்த்தைன்னு எனக்கு அப்ப தெரியாமலா இருந்துச்சு? தெரியும். தம்பிக்குச் சராசரி ரேட்டிங். அந்த வருஷம் வந்த ஒரே ஆன்சைட் வாய்ப்பு, வழக்கம் போல, அம்புக்குறிக்கு. ரெண்டு நாள் கழிச்சு ஆஃபீஸ் பின்னாடி டீக்கடையில தம்பி கேட்டான்: "அண்ணே, வேலையே பேசும்னு நீங்கதானே சொன்னீங்க?" கோவமெல்லாம் இல்ல. சந்தேகம் கேக்குற மாதிரியேதான் கேட்டான். என்கிட்டப் பதில் இல்ல. டீக்குக் காசு கொடுத்துட்டு வந்துட்டேன்.

இப்ப அந்தப் பழமொழிக்கு வருவோம். நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும். சரி. ஆனா தண்ணி தூக்கின எந்தப் பொம்பளைகிட்ட வேணா கேட்டுப் பாருங்க, காலிக்குடமும் தளும்பாது! திண்ணையில வரிசையா நாலு குடம் சத்தமில்லாம இருக்கு. எது நிறைஞ்சது, எது காலின்னு தூரத்துலேர்ந்து பாத்து எப்படிச் சொல்லுவீங்க? ஒண்ணு, எட்டிப் பாக்கணும். இல்ல, தூக்கிப் பாக்கணும். இல்ல, தட்டிப் பாக்கணும். பழமொழி சொல்ற யாரும் அந்த மூணுல எதையும் பண்றதில்ல. உக்காந்த இடத்துலேர்ந்து, "தளும்பல, அப்ப நிறைகுடம்தான் போல"ன்னு ஒரு பாராட்டு. அடுத்த நிமிஷம் தளும்புற குடத்துலேர்ந்து மோந்து குடிச்சுட்டுப் போயிடறாங்க, ஏன்னா அதுல தண்ணி இருக்குன்னாவது நிச்சயமாத் தெரியுது.

"இதெல்லாம் சயின்ஸே நிரூபிச்சுடுச்சு, அரைகுறைதான் ஆடும்"னு யாராச்சும் டன்னிங்-க்ரூகரைத் தூக்கிட்டு வருவீங்கன்னு தெரியும். நானும் ரொம்ப நாளா அதை மேற்கோள் காட்டி ஜல்லி அடிச்சவன்தான். 1999-ல கார்னெல் பல்கலைக்கழகத்துல டேவிட் டன்னிங், ஜஸ்டின் க்ரூகர்னு ரெண்டு பேர் மாணவர்களுக்கு தர்க்கம், இலக்கணம், நகைச்சுவை உணர்வுன்னு சோதனை வச்சாங்க. கடைசிக் கால்வாசியில வந்தவங்க, நூறு பேர்ல 12 பேரைத் தாண்டுற அளவுக்குத்தான் மதிப்பெண் எடுத்தாங்க. ஆனா 62 பேரைத் தாண்டியிருப்போம்னு நினைச்சுக்கிட்டாங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே கட்டுரையில முதல் கால்வாசி ஆளுங்களும் இருக்காங்க. தங்களைக் கொஞ்சம் குறைச்சு மதிப்பிட்டாங்களே தவிர, "ஐயோ நமக்கு ஒண்ணுமே தெரியாது"ன்னு நினைச்சுக்கல. சராசரிக்கு மேலன்னு அவங்களுக்கே தெரிஞ்சுதான் இருந்துச்சு. அதனால "நிறைஞ்சவன் தன்னை ஒண்ணுமில்லன்னு நினைப்பான்"னு அந்த ஆராய்ச்சி சொல்லல. ஒருத்தன் தன்னைப் பத்தி நினைக்கிறதை மட்டும் வச்சு அவன் திறமையை அளக்காதேன்னுதான் நான் அதை எடுத்துக்கறேன். சத்தத்தை வச்சும் அளக்காதே, அமைதியை வச்சும் அளக்காதே.

பொருளாதாரக்காரங்க இதுல நம்மளைவிடத் தெளிவு. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல ஒரு கட்டுரை எழுதினார், அந்த வரிசை ஆராய்ச்சிக்காக 2001-ல நோபல் பரிசுல பங்கும் வாங்கினார். வேலை கொடுக்கிறவனுக்கு உள்ள இருக்கிற திறமை தெரியாது, அதனால டிகிரி மாதிரி ஏதாச்சும் ஒரு வெளி அடையாளத்தைப் பாத்துத்தான் முடிவெடுக்கிறான்கிறது அதோட சாரம். சரி, அப்ப பெரிய ஆளுங்க ஏன் சில சமயம் அடையாளமே காட்டாம எளிமையா இருக்காங்க? அதுக்கு 2002-ல ஃபெல்டோவிச், ஹார்பா, டோன்னு மூணு பேர் பதில் சொன்னாங்க. நடுத்தரத் திறமைக்காரன் அடையாளத்தைக் காட்டியே ஆகணும், இல்லன்னா அவனைக் கடைசி ஆளோட சேர்த்துடுவாங்க. உச்சியில இருக்கிறவன் காட்ட வேண்டியதில்ல, ஏன்னா அவனைப் பத்தி வேற வழியா ஏற்கனவே ஓரளவு சேதி போயிடும். காட்டாம இருக்கிறதே அவனுக்கு ஒரு கெத்து.

அந்த "வேற வழியா சேதி போயிடும்"ங்கிறதுலதான் எல்லாமே அடங்கியிருக்கு. ஒரு பெரிய கல்லூரிப் பேரைச் சொல்ற ஆள், "நான்லாம் கிளாஸ்ல தூங்குவேன் பாஸ்"னு சொன்னா எல்லாரும் ரசிச்சுச் சிரிப்பாங்க. கல்லூரிப் பேரு அவனுக்காக ஏற்கனவே பேசிடுச்சு. தம்பி படிச்ச கல்லூரிப் பேரைச் சொன்னா, "அது எங்க இருக்கு?"ன்னு கேப்பாங்க. அவன் "நான் கிளாஸ்ல தூங்குவேன்"னு சொன்னா, உண்மையிலேயே தூங்கியிருப்பான்னு நம்பிடுவாங்க. ஒரே வாக்கியம்தான், ஒருத்தனுக்கு நகைச்சுவை, இன்னொருத்தனுக்கு வாக்குமூலம். இதே இடத்துல ஒரு பொண்ணு தன் வேலையைத் தானே சொல்லிட்டா, "திமிரைப் பாரு"ன்னு இன்னொரு கணக்கு வேற. சொன்னாலும் தப்பு, சொல்லாட்டியும் தப்பு.

இப்ப ஒரு ஒப்புதல் வாக்குமூலம். டீக்கடை சம்பவத்துக்கு அப்புறம் நான் எழுத நினைச்சது இந்தப் பதிவே இல்ல. தன்னடக்கத்தைப் போற்றி ஒரு பதிவு எழுதி என் மனசாட்சியைச் சரிக்கட்டலாம்னுதான் உக்காந்தேன். நம்ம இலக்கியத்துல அவையடக்கம்னு ஒரு மரபே இருக்கே, ஆதாரம் தேடுவோம்னு போனேன். போன இடத்துல நன்னூல் என் தலையில நறுக்குன்னு ஒரு குட்டு வச்சுது.

நமக்கெல்லாம் நன்னூல்னா புணர்ச்சி விதி, பரீட்சைக்கு மனப்பாடம், அவ்வளவுதான். 13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதினது. அதோட தொடக்கத்துல பாயிரம்னு ஒரு பகுதி இருக்கு. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம், அதாவது இன்னார் எழுதினது, இன்ன சிறப்புன்னு அறிமுகம், யார் எழுதணும்னு அதுல விதி. ஆசிரியர் எழுதலாம், கூடப் படிச்சவன் எழுதலாம், மாணவன் எழுதலாம், உரைகாரர் எழுதலாம். நூலாசிரியன் தானே எழுதக் கூடாது. ஏன்? யாருக்கும் விளங்காததை விளங்க வச்சு, பல துறையையும் கரைகண்டவனா இருந்தாலும் தன்னைத் தானே புகழ்ந்துக்கறது தகுதி இல்ல.

"பாத்தியா, நம்மாளு அப்பவே சொல்லிட்டார்"னு துள்ளி எழுந்தேன். அடுத்த சூத்திரத்தைப் படிச்சதும் உக்காந்துட்டேன். புலவன் தன்னைப் புகழ்ந்துக்கலாம்னு நாலு இடத்தை அதுல பவணந்தியே பட்டியல் போடறார். அரசனோட அவைக்கு ஓலை எழுதும்போது. தன் ஆற்றல் தெரியாதவங்க நடுவுல இருக்கும்போது. அவையில வாதம் பண்ணி ஜெயிக்க வேண்டிய நேரத்துல. எதிராளி தன்னை மட்டம் தட்டும்போது.

மக்களே, இந்த நாலையும் இன்னொரு தடவை படிங்க. ஓலை எழுதறது வேலைக்கு விண்ணப்பம் போடறது. ஆற்றல் தெரியாதவங்க நடுவுல இருக்கிறதுன்னா இன்டர்வியூ, அப்ரைசல் படிவம். அவையில வாதம் டிசைன் ரிவ்யூ. எதிராளி மட்டம் தட்டறது, நம்ம வேலையை இன்னொருத்தர் ஸ்லைடுல போட்டு நம்மளை ஓரங்கட்டறது. தம்பி அந்த வருஷம் நாலு இடத்துலயும் நின்னான். நாலு இடத்துலயும் வாயை மூடிட்டு நின்னான். அதுல ஒரு இடத்துல வாயை மூடச் சொன்னது நான்.

இன்னும் ஒண்ணு கவனிங்க. "தன்னைப் புகழாதே"ங்கிற விதி அங்க தனியா நிக்கல. அதுக்கு முன்னாடியே, "அப்ப யார் சொல்லணும்"னு நாலு பேர்கிட்டப் பொறுப்பை ஒப்படைச்சாச்சு. அதுக்குப் பின்னாடி, அந்த ஏற்பாடு எடுபடாத இடங்கள்ல நீயே சொல்லிக்கோன்னு விதிவிலக்கும் கொடுத்தாச்சு. நாம என்ன பண்ணினோம்? முன்னாடியையும் வெட்டிட்டோம், பின்னாடியையும் வெட்டிட்டோம். நடுவுல இருக்கிற "சொல்லாதே"யை மட்டும் எடுத்து, பழமொழியா மாத்தி, எளியவன் தலையில கட்டிட்டோம். பாயிரம் எழுத வேண்டிய நாலு பேரும் மீட்டிங் ரூம்ல, "நல்ல பையன் சார்"னுட்டு மொபைலைப் பாத்துட்டு இருக்கோம்.

நிறைகுடத்துக்கு உதாரணம் கேட்டா நம்ம ஊர்ல எல்லாரும் சொல்ற பேரு ராமானுஜன். சரி, அந்த நிறைகுடம் என்ன பண்ணுச்சுன்னு பாப்போம். கல்லூரிப் பட்டம் கிடையாது. நோட்டுப்புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு ஆள் ஆளாப் போய்ப் பாத்தார். நெல்லூர்ல கலெக்டரா இருந்த ராமச்சந்திர ராவ்கிட்டப் போய்க் காட்டினார். 1912-ல மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல மாசம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. அங்கேயிருந்து இங்கிலாந்துக்கு லெட்டர் போட ஆரம்பிச்சார். பேக்கர், ஹாப்சன்னு கேம்பிரிட்ஜ்ல ரெண்டு பேரு, ரெண்டு பேர்கிட்டயும் எடுபடல. 1913 ஜனவரி 16-ஆம் தேதி ஹார்டிக்கு எழுதினார்.

அந்த லெட்டர்ல என்ன இருக்கு? நான் ஒரு சாதாரண எழுத்தன், வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லைன்னு ஆரம்பிக்கிறார். அடக்கம். அப்படியே நிறுத்தியிருந்தா அந்தக் காகிதம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அடுத்தாப்லயே, நானா தனியா ஒரு பாதை போட்டுக்கிட்டு ஆராய்ச்சி பண்றேன், எனக்குக் கிடைச்ச முடிவுகளை இங்க உள்ள கணிதக்காரங்க திகைப்பா இருக்குன்னு சொல்றாங்கன்னு எழுதறார். இன்னிக்கு யாராச்சும் ரெஸ்யூமேல அப்படிப் போட்டா, "பீட்டரு, ஓவர் பில்டப்பு"ன்னு ஓட்டியிருப்போம். ஆனா அதோட அவர் விடல. பக்கம் பக்கமா தேற்றங்களை இணைச்சார். எட்டிப் பாரு, தூக்கிப் பாரு, தட்டிப் பாருன்னு குடத்தை முன்னாடி வச்சார். ஹார்டியும் லிட்டில்வுட்டும் உக்காந்து பாத்தாங்க. 1914-ல கப்பல் ஏறினார், 1918-ல ராயல் சொசைட்டி உறுப்பினர்.

அரசன் அவைக்கு ஓலை. ஆற்றல் தெரியாதவங்க நடுவுல நிக்கிற ஆள். பவணந்தி போட்ட விதிவிலக்கு அப்படியே பொருந்துது பாருங்க. அப்புறம் அவருக்குப் பாயிரம் எழுதவும் ஆள் இருந்தாங்க. போர்ட் டிரஸ்ட்ல மேலதிகாரி நாராயண ஐயரும் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்காகப் பரிஞ்சு பேசினவங்க. தளும்பாத நிறைகுடம்னு நாம கும்பிடற குடமே தளும்பித்தான் வெளிய தெரிஞ்சுது. தளும்பாத எத்தனை குடம் எந்தெந்தத் திண்ணையிலயோ அப்படியே இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? பழமொழி அதைக் கணக்கெடுக்காது.

சரி, எதிர்ப்பின்னூட்டம் நானே போட்டுக்கறேன். "அப்ப எல்லாரும் பவர்பாயிண்ட் மாதிரி பீத்திக்கணும்கிறியா? ஊர்ல இருக்கிற ஃப்ளெக்ஸ் பேனர் பத்தாதா?"

இல்லங்க. சொல்றதுக்கும் பீத்திக்கிறதுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கு, அது ஒண்ணும் அவ்வளவு மெல்லிசான கோடு இல்ல. "இந்த ஜாப் 7 மணி நேரம் ஓடுச்சு, காரணம் இது, இந்தத் தேதியில நான் திருத்தினேன், இப்ப 40 நிமிஷம்" – இதை யார் வேணாலும் சரிபார்க்கலாம். பொய்யா இருந்தா அஞ்சு நிமிஷத்துல மாட்டிக்குவான். "செயல்திறன் மேம்பாட்டு முயற்சியை முன்னெடுத்தேன்" – இதைப் பிடிக்க ஒரு கைப்பிடியும் கிடையாது. திறந்து பாக்க விடறவன் சொல்றான். மூடியே வச்சுட்டுச் சத்தம் போடறவன் பீத்திக்கிறான்.

அடக்கம் மாதிரி வேஷம் போட்ட பீத்தல் ஒண்ணு இருக்கே, அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். லிங்க்ட்இன் திறந்தா, "பணிவோடு பகிர்ந்துகொள்கிறேன், ஐந்தாவது விருது" வகையறா. இந்த ரகத்தைப் பத்தி 2018-ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு. நேரடியா பீத்திக்கிறவனை விட இப்படி மறைச்சுப் பீத்திக்கிறவனைத்தான் ஜனங்களுக்கு இன்னும் பிடிக்கலைன்னு முடிவு. காரணம், நேர்மை இல்லைன்னு தெரிஞ்சுடுது. "ஏதோ"வை நினைச்சுக்கோங்க. எங்கம்மாவையும் சேர்த்துத்தான் சொல்றேன், வீட்டுல போட்டுக் கொடுத்துடாதீங்க.

இன்னொரு எதிர்ப்பு. "சொல்லிக்கிறது ஒரு திறமைப்பா, அதையும் கத்துக்கட்டுமே. கம்யூனிகேஷன் கோர்ஸ் போகட்டும்." போகட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா எல்லாப் பாரத்தையும் தம்பி தலையில ஏத்திட்டு நாம தப்பிச்சுக்கிறதுக்கு இது இன்னொரு வழி. 22 வருஷமா வீட்டுல, "பெருசா சொல்லிக்காத, கண்ணு படும்", பள்ளிக்கூடத்துல, "வாயை மூடிட்டு உக்காரு", கல்லூரியில, "எதிர்த்துப் பேசாத"ன்னு அடிச்சு அடிச்சுப் பேசாம ஆக்கிட்டு, ஆறாவது செமஸ்டர்ல ரெண்டு நாள் சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு வச்சு, "கம் ஆன், செல் யுவர்செல்ஃப்"னா எங்கேயிருந்து வரும்? மூடின குடத்தைத் திறக்கிற வேலையில, மூடினவனுக்கும் பங்கு உண்டு.

அதனால என் கோரிக்கை தம்பிகளுக்கு இல்ல. என்னை மாதிரி நடுவுல மாட்டின அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்தான். டீம் லீடா இருக்கீங்களா, இன்டர்வியூ எடுக்கறீங்களா, ரேட்டிங் மீட்டிங்ல உக்காரறீங்களா? உங்ககிட்ட வர்ற அமைதியான ஆளைப் பாத்து, "நிறைகுடம்"னு ரசிக்காதீங்க, "காலிக்குடம்"னு தள்ளவும் செய்யாதீங்க. எட்டிப் பாருங்க. "டீம் எஃபர்ட் சார்"னு சொன்னா, "சரிப்பா, அதுல உன் கை எங்க இருந்துச்சு?"ன்னு ஒரு கேள்வி கூடக் கேளுங்க. பார்த்ததை, பார்த்த இடத்துல, பேரு சொல்லி, எண்ணோட சொல்லுங்க. "நல்ல பையன்"ங்கிற வார்த்தையை மீட்டிங்ல தடை பண்ணுங்க.

நான் என்ன கிழிச்சேன்னு கேப்பீங்க. டீக்கடைக்கு அடுத்த வாரம் மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதினேன். தேதி, டிக்கெட் எண், முன்ன எவ்வளவு நேரம், இப்ப எவ்வளவு, கண்டுபிடிச்சது யாரு, மீட்டிங்ல நான் இதைச் சொல்லாம விட்டது என் தப்பு, எல்லாம். அவர் நல்ல மனுஷன்தான், கூப்பிட்டுப் பேசினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, இப்ப ரேட்டிங் எல்லாம் சிஸ்டத்துல லாக் ஆயிடுச்சே"ன்னார். ரேட்டிங் மாறல. பவர்பாயிண்ட் என்கிட்ட மூணு மாசம் சரியாப் பேசல. பாயிரம் லேட்டா வந்தா நூலுக்குப் பிரயோசனம் இல்லன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

தம்பி இப்ப வேற இடம் பாக்கறான். போன ஞாயித்துக்கிழமை ரெஸ்யூமே அனுப்பியிருந்தான், பாத்துச் சொல்லுங்கண்ணேன்னு. முதல் வரியிலேயே பேட்ச் ஜாப். 7 மணி நேரம், 40 நிமிஷம், காரணம், திருத்தம், எல்லாம் சுத்தமா. படிச்சு முடிக்கிறதுக்குள்ள போன் வந்துச்சு.

"அண்ணே, அதுல 'நான்'னு போட்டிருக்கேன். ஓவரா இல்லையே?"

"உண்மைதானடா?"

"உண்மைதாண்ணே."

"அப்பப் போடு."

டிஸ்கி: இந்தப் பதிவுல என்னைக் கெட்டவனாக் காட்டி, "எவ்வளவு நேர்மை பாருங்க"ன்னு பேர் வாங்கப் பாக்கறேன்னு உள்குத்து கண்டுபிடிக்கிறவங்களுக்கு: அதுவும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனா பேட்ச் ஜாபைக் கண்டுபிடிச்சது நான் இல்லங்க, தம்பி.